லிஃப்ட் செய்த வண்டியில் முன் ஆக்சிலின் காஸ்டரைச் சரிசெய்வது எப்படி?

என் வண்டியை முதன்முதலாக 75 மி.மீ. உயர்த்தியபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் நெடுஞ்சாலையில் 70 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் கதை மாறிவிட்டது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தாலும் வண்டி மெல்ல இடது பக்கம் ஒதுங்கியது. திருத்தினால் வலது பக்கம் ஓடியது. வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வரவில்லை, நான்தான் இழுத்து நேராக்க வேண்டியிருந்தது. பிரேக்கை மிதித்தால் இன்னும் மோசம். டயர்தான் காரணம் என்று நினைத்துக் காற்றைக் கூட்டினேன், குறைத்தேன், வீல் பேலன்ஸ் பார்த்தேன். எதுவும் உதவவில்லை. கடைசியில் கோணத்தை அளந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: முன் ஆக்சில் முன்பக்கமாகக் கவிழ்ந்து, காஸ்டர் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் முன்-பின் சாய்வு) பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கியிருந்தது.

அந்த ஒரு வாரக் குழப்பம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இங்கே சொல்வதெல்லாம் இரண்டு சக்கரத்தையும் ஒரே குழாய் இணைக்கும் திட முன் ஆக்சில் வண்டிகளுக்கு: ஜீப் ராங்ளர், லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் பழைய மாடல்கள், லேண்ட் குரூசர் 80, ஜிம்னி, கமான் பட்டை போட்ட பழைய ஜீப்புகள். ஒவ்வொரு முன் சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் உள்ள வண்டிக்குக் காஸ்டரின் அடிப்படை ஒன்றுதான், ஆனால் சரிசெய்யும் முறை வேறு.

காஸ்டர் என்பது என்ன

ஒரு சைக்கிளைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். முன் ஃபோர்க் செங்குத்தாக நிற்பதில்லை. மேல் முனை சவாரி செய்பவரை நோக்கிச் சாய்ந்திருக்கும். ஹேண்டில் திரும்பும் அச்சை ஒரு கோடாகக் கீழே நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் அது தரையில் முட்டும். அதனால் டயர் எப்போதும் அந்தப் புள்ளியின் பின்னால் இழுபட்டு வருகிறது. இழுபடும் பொருள் நேராகத்தானே வரும். கையை விட்டுவிட்டு சைக்கிள் ஓட்ட முடிவதற்கு இந்தச் சாய்வும் ஒரு காரணம்.

வண்டியிலும் இதே கதைதான். மேல் பால் ஜாயிண்டையும் கீழ் பால் ஜாயிண்டையும் (பழைய வகை ஆக்சிலில் மேல், கீழ் கிங் பின்களை) இணைக்கும் கோடுதான் சக்கரம் திரும்பும் அச்சு. அதன் மேல் முனை வண்டியின் பின்பக்கம் சாய்ந்திருந்தால் பாசிட்டிவ் காஸ்டர். முன்பக்கம் சாய்ந்திருந்தால் நெகட்டிவ். அந்தக் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரத்தை டிரெயில் என்பார்கள். ஸ்டீயரிங்கை நேராக்கும் வேலையைச் செய்வது இந்தத் தூரம்.

டிரெயில் கோணத்தை மட்டும் பொறுத்ததில்லை, டயரின் அளவையும் பொறுத்தது. ஆக்சில் மையத்திலிருந்து தரை வரை 350 மி.மீ. இருக்கும் சக்கரத்தில் 4 டிகிரி காஸ்டர் சுமார் 24 மி.மீ. டிரெயில் தரும். அதே 4 டிகிரி, 420 மி.மீ. உயரச் சக்கரத்தில் 29 மி.மீ. தரும். பெரிய டயர் போட்டவர்கள் காஸ்டரைக் கண்மூடித்தனமாக ஏற்றிக்கொண்டே போக வேண்டியதில்லை என்பதற்கு இது ஒரு காரணம்.

உயர்த்தினால் ஏன் குறைகிறது

முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றி, முன்கையை விளிம்புக்கு வெளியே கிடைமட்டமாக நீட்டிக் கட்டைவிரலை மேலே தூக்கிப் பிடியுங்கள். முழங்கைதான் சாசியில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) உள்ள புஷ், அதாவது ரப்பர் மூட்டு. முன்கை ரேடியஸ் ஆர்ம், அதாவது ஆக்சிலைச் சாசியோடு இணைக்கும் நீளமான கை. கட்டைவிரல் சக்கரம் திரும்பும் அச்சு. இப்போது முழங்கையை நகர்த்தாமல் கையை மட்டும் கீழே இறக்குங்கள். கட்டைவிரல் முன்னால் சாய்கிறது, இல்லையா? வண்டியை உயர்த்தும்போது சாசியின் கணக்கில் ஆக்சில் கீழே இறங்குகிறது, இறங்கும்போது இப்படித்தான் முன்னால் கவிழ்கிறது.

டிஃபெண்டர், லேண்ட் குரூசர் 80, ஜிம்னி போன்ற ரேடியஸ் ஆர்ம் வண்டிகளில் எவ்வளவு குறையும் என்பதை வாங்குவதற்கு முன்பே கணக்குப் போடலாம். உயர்த்தும் அளவை ஆர்மின் நீளத்தால் (சாசி புஷ்ஷிலிருந்து ஆக்சில் மையம் வரை) வகுத்து 57.3-ஆல் பெருக்குங்கள். ஆர்ம் 900 மி.மீ., லிஃப்ட் 50 மி.மீ. என்றால் இழப்பு 3.2 டிகிரி. 75 மி.மீ. என்றால் 4.8 டிகிரி. டிஃபெண்டர் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 3 டிகிரிதான். மீதி என்ன என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலே இரண்டு, கீழே இரண்டு என நாலு கன்ட்ரோல் ஆர்ம் கொண்ட ராங்ளர் போன்ற வண்டிகளில் இழப்பு இதைவிடக் குறைவு. அதில் ஆக்சில் கவிழ்வதோடு சற்றுப் பின்னாலும் நகரும். கமான் பட்டை வண்டிகளில் ஷாக்கிள் (பட்டையின் ஒரு முனையைச் சாசியோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு) எந்த முனையில் இருக்கிறது என்று பாருங்கள். ஷாக்கிள் பட்டையின் முன் முனையில் இருந்து, நீளமான ஷாக்கிள் போட்டு உயர்த்தினால் காஸ்டர் குறையும். பின் முனையில் இருந்தால் கூடும்.

ஆக்சில் ஒரே துண்டு: இதை மறக்கவே கூடாது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

திட ஆக்சிலில் பால் ஜாயிண்ட் உட்காரும் யோக், குழாய், டிஃபரன்ஷியல், அதிலிருந்து பின்பக்கம் நீளும் பினியன் (இன்ஜின் விசை உள்ளே வரும் தண்டு) எல்லாம் ஒன்றோடொன்று இறுகிய ஒரே உடம்பு. காஸ்டரைக் கூட்ட ஆக்சிலைப் பின்னால் சாய்த்தால், பினியனின் மூக்கு அதே அளவு கீழே இறங்கும். ஒன்றுக்குக் கொடுப்பது இன்னொன்றிடமிருந்து எடுத்ததுதான்.

உதாரணமாக, காஸ்டர் 1 டிகிரி, பினியன் 9 டிகிரி மேல்நோக்கி இருக்கிறது என்று அளந்தீர்கள். கூட்டுத்தொகை 10. அந்தப் பத்து இனி மாறாது. காஸ்டரை 5 ஆக்கினால் பினியன் 5. காஸ்டரை 7 ஆக்கினால் பினியன் 3. இந்தக் கூட்டுத்தொகையை ஒரு தடவை எழுதி வைத்துக்கொண்டால், அப்புறம் ஒவ்வொரு முறையும் எட்டாத இடத்தில் கோணமானியை நுழைத்துக் கஷ்டப்பட வேண்டாம். ஆக்சிலில் கைக்கு எட்டும் ஏதாவது ஒரு தட்டையான பரப்பைத் தேர்ந்து, அது எத்தனை டிகிரி மாறியது என்று பார்த்தாலே காஸ்டரும் பினியனும் எங்கே நிற்கின்றன என்று தெரிந்துவிடும்.

பினியன் கோணம் ஏன் முக்கியம்? டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து (இன்ஜின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) முன் டிஃபரன்ஷியலுக்கு வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அங்கேதான் சேர்கிறது. ஷாஃப்டின் இரு முனையிலும் ஒவ்வொரு கிராஸ் (யுனிவர்சல் ஜாயிண்ட்) மட்டும் இருந்தால், டிரான்ஸ்ஃபர் கேஸ் வெளியேறும் அச்சும் பினியன் அச்சும் இணையாக இருக்க வேண்டும். கோணத்தில் சுழலும் ஒரு கிராஸ், ஷாஃப்டின் வேகத்தை ஒவ்வொரு சுற்றிலும் கூட்டிக் குறைக்கும். மறுமுனையில் அதே அளவு கோணம் இருந்தால் அது சமன்படும். இல்லையென்றால் அதிர்வாக வரும். டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையில் இரட்டை கிராஸ் இருந்தால் கணக்கு வேறு: பினியன் நேராக ஷாஃப்டை நோக்கிப் பார்க்க வேண்டும்.

எப்போதும் நாலு சக்கரமும் ஓடும் வண்டியில் இந்த ஷாஃப்ட் நெடுஞ்சாலை வேகத்திலும் சுழன்றுகொண்டே இருக்கும். அங்கே பினியனை அலட்சியம் செய்தால் கிராஸ் சீக்கிரம் போகும், பினியன் பேரிங்கும் பின்னாலேயே போகும். முன் ஹப்பைத் துண்டிக்கும் வசதி உள்ள வண்டியில் ஷாஃப்ட் சாலையில் சும்மா நிற்கும். அதனால் காஸ்டருக்குக் கொஞ்சம் அதிக இடம் கொடுக்கலாம். உங்கள் வண்டி இதில் எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் வேலை: ஆட்டம் பார்ப்பது

கோணமானியை எடுப்பதற்கு முன் தேய்ந்த பாகங்களைப் பாருங்கள். பேன்ஹார்டு ராடின் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) இரு முனை புஷ், பால் ஜாயிண்ட், டை ராடு முனைகள், வீல் பேரிங், ஸ்டீயரிங் பாக்ஸ். ஒருவரை வண்டியில் உட்காரவைத்து, இன்ஜினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சின்னச் சின்னதாக ஆட்டச் சொல்லுங்கள். வண்டி தரையில் நிற்கும் நிலையிலேயே நீங்கள் ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வையுங்கள். பாதி விரல் ஒரு பாகத்திலும் பாதி விரல் அடுத்ததிலும் இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும்.

ஒரு குழியில் விழுந்ததும் முன்பக்கம் முழுக்க வெறிபிடித்தாற்போல் உதறும் கோளாறு பெரும்பாலும் இந்த ஆட்டத்திலிருந்துதான் வருகிறது. காஸ்டரை மாற்றி அதை அமுக்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். தேய்ந்த மூட்டோடு காஸ்டரை அதிகமாக்கினால் உதறல் கூடவும் செய்யும்.

அளப்பது

தேவையானவை: காந்தம் உள்ள டிஜிட்டல் கோணமானி, வயர் பிரஷ், ஒரு நேரான இரும்புப் பட்டி, நோட்டுப் புத்தகம். கோணமானி நம்பகமானதா என்று பார்க்க, ஒரே இடத்தில் வைத்துப் படித்துவிட்டு, அப்படியே 180 டிகிரி திருப்பி வைத்து மறுபடி படியுங்கள். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டி, சாய்வின் திசை மட்டும் மாறியிருக்க வேண்டும்.

வண்டியை நீங்கள் வழக்கமாக ஓட்டும் எடையோடு நிறுத்துங்கள். வின்ச், இரும்பு பம்பர், பின்னால் ஏற்றும் சாமான் எல்லாம் இருக்கட்டும். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. இரண்டு ஆக்சிலுக்கும் இடையே 2,400 மி.மீ. உள்ள வண்டியில், பின்பக்கம் 42 மி.மீ. உயர்ந்தால் காஸ்டர் 1 டிகிரி குறையும். சாமான் ஏற்றிப் பின்பக்கம் அமுங்கினால் அந்த அளவு கூடும். டயர் காற்றைச் சரிபார்த்து, பம்பரை நாலு தடவை அமுக்கி விட்டு, சஸ்பென்ஷன் அதன் இயல்பு நிலைக்கு வந்ததும் அளக்கத் தொடங்குங்கள்.

கோணமானியை எங்கே வைப்பது? பால் ஜாயிண்ட் வகையில், ஆக்சில் குழாயின் முனையில் இருக்கும் யோக்கைப் பாருங்கள். பால் ஜாயிண்ட் உட்காரும் இடத்தைச் சுற்றி இயந்திரத்தில் கடைந்த தட்டையான பரப்பு இருக்கும். அது திரும்பும் அச்சுக்குச் செங்குத்து. கிங் பின் வகையில் மேல் மூடியின் தட்டையான பரப்பைப் பயன்படுத்தலாம். துருவையும் பெயின்டையும் பளபளக்கும் வரை தேயுங்கள். ஒரு மணல் துணுக்கு போதும், அரை டிகிரி பொய் சொல்லிவிடும்.

இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். அந்தப் பரப்பு பக்கவாட்டிலும் சாய்ந்திருக்கும். அது கிங் பின் சாய்வு, நமக்கு இப்போது தேவையில்லாதது. அதனால் கோணமானி வண்டியின் நீளவாக்கில் மிகச் சரியாக இருக்க வேண்டும். கொஞ்சம் குறுக்கே திரும்பினாலும் அந்தச் சாய்வு கணக்கில் கலந்துவிடும். கிங் பின் மூடி சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் என்பதால், அதன் மேல் அளப்பதாக இருந்தால் சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும்.

தரை மட்டமா என்பது அடுத்த கேள்வி. பார்வைக்கு மட்டமாக இருக்கும் தரை அரை டிகிரி, ஒரு டிகிரி சாய்ந்திருப்பது சாதாரணம். இதற்கு நான் நம்பும் வழி ஒன்று உண்டு. நாலு டயரும் நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டு அளங்கள். பிறகு வண்டியைத் திருப்பி, முன் சக்கரம் இருந்த இடத்தில் பின் சக்கரம் வரும்படி அதே குறிகளில் நிறுத்தி மறுபடி அளங்கள். முதலில் 2.1, பிறகு 3.3 என்று வந்தால் உண்மையான காஸ்டர் நடுவில் உள்ள 2.7, தரையின் சாய்வு 0.6. ரசமட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதே இல்லை.

தட்டையான பரப்பு கிடைக்காத ஆக்சில்களும் உண்டு. அப்போது திருப்பி அளக்கும் முறை கைகொடுக்கும். முன் டயர்களுக்கு அடியில் நடுவே கிரீஸ் தடவிய இரண்டு இரும்புத் தகடுகளை வைத்து, சக்கரம் லேசாகத் திரும்பும்படி செய்யுங்கள். ரிம்மின் குறுக்கே இரும்புப் பட்டியைச் செங்குத்தாக வைத்து அதில் கோணமானியை ஒட்டுங்கள். சக்கரத்தை வெளிப்பக்கம் 20 டிகிரி திருப்பிக் கேம்பரை (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வை) படியுங்கள். உள்பக்கம் 20 டிகிரி திருப்பி மறுபடி படியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 1.46-ஆல் பெருக்கினால் காஸ்டர் கிடைக்கும். வெளிப்பக்கம் திருப்பும்போது சக்கரத்தின் மேல் பகுதி வெளியே சாய்ந்து, உள்பக்கம் திருப்பும்போது உள்ளே சாய்ந்தால் காஸ்டர் பாசிட்டிவ். அலைன்மென்ட் கடை இயந்திரமும் அடிப்படையில் இதைத்தான் செய்கிறது. அங்கே போனால் இரு பக்கக் காஸ்டர் எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

இடதும் வலதும் அரை டிகிரிக்கு மேல் வேறுபட்டால் நிதானியுங்கள். திட ஆக்சிலில் இரண்டு பக்கமும் ஒரே குழாயில் இருப்பதால், வேறுபாடு வந்தால் அளவில் தவறு, அல்லது குழாயோ யோக்கோ வளைந்திருக்கிறது. காஸ்டர் குறைவாக உள்ள பக்கம் வண்டி இழுக்கும். ஒரு பக்க ஆர்மை மட்டும் நீட்டி இதைச் சரிசெய்ய முயன்றால் புஷ்கள் முறுக்கிக்கொள்ளுமே தவிர, வளைந்த குழாய் நேராகாது.

கடைசியாகப் பினியன், டிரான்ஸ்ஃபர் கேஸ், ஷாஃப்ட் மூன்றின் கோணங்களையும் எடுத்து எழுதுங்கள்.

எத்தனை டிகிரி வைப்பது

முதலில் வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் எண்ணைத் தேடுங்கள், அதுதான் தொடக்கம். உயர்த்தி, பெரிய டயர் போட்ட பவர் ஸ்டீயரிங் வண்டிக்கு என் அனுபவத்தில் 4 முதல் 5 டிகிரி நல்ல இடம். அதிகபட்சம் 6. பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய வண்டியில் 2 முதல் 3 போதும். அதற்கு மேல் போனால் பாறைகளுக்கு இடையே மெதுவாகத் திருப்பும்போது தோள் வலிக்கும்.

இப்போது கூட்டுத்தொகையை எடுத்துப் பாருங்கள். நீங்கள் விரும்பும் காஸ்டரில் பினியன் எங்கே வரும்? ஷாஃப்ட் அதை ஏற்குமா? இரண்டும் ஒத்துவராவிட்டால் அரை டிகிரி இங்கே, அரை டிகிரி அங்கே விட்டுக்கொடுக்க வேண்டியதுதான். எப்போதும் நாலு சக்கரம் ஓடும் வண்டியில் நான் பினியன் பக்கம்தான் சாய்வேன். 4 டிகிரி காஸ்டரும் அதிர்வில்லாத ஷாஃப்டும் இருந்தால் வண்டி நிம்மதியாக ஓடும். 6 டிகிரி காஸ்டரும் ஊளையிடும் ஷாஃப்டும் வைத்துக்கொண்டு தூரப் பயணம் போக முடியாது.

சரிசெய்யும் வழிகள்

சரிசெய்யக்கூடிய கன்ட்ரோல் ஆர்ம்: நாலு ஆர்ம் வண்டிகளுக்கு இதுதான் சிறந்தது. கீழ் ஆர்மை நீட்டினால் ஆக்சிலின் அடிப்பகுதி முன்னால் போகும், காஸ்டர் கூடும். மேல் ஆர்மைக் குறுக்கினாலும் கூடும். உயர்த்தியதில் ஆக்சில் ஏற்கெனவே பின்னால் நகர்ந்திருப்பதால், கீழ் ஆர்மை நீட்டுவதே பெரும்பாலும் சரி. எவ்வளவு நீட்டுவது? ஆக்சிலில் மேல் ஆர்ம் போல்ட்டுக்கும் கீழ் ஆர்ம் போல்ட்டுக்கும் உள்ள செங்குத்துத் தூரத்தை அளங்கள். அது 200 மி.மீ. என்றால், 3.5 மி.மீ. நீட்டினால் 1 டிகிரி. ஒரு முனையில் மட்டும் மரை உள்ள ஆர்மில், மரையின் இடைவெளி 2 மி.மீ. என்றால், ஒரு முழுச் சுற்று அரை டிகிரிக்குச் சற்று மேல். இடது, வலது ஆர்ம்களை வண்டிக்கு வெளியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு போல்ட் துளையிலும் ஒரே கம்பியைச் செருகி நீளம் சமமா என்று பாருங்கள். டேப் வைத்து அளப்பதைவிட இது நம்பகமானது. தயாரிப்பாளர் குறித்திருக்கும் எல்லையைத் தாண்டி மரையை வெளியே இழுக்காதீர்கள்.

ரேடியஸ் ஆர்ம் வண்டிக்கு மூன்று வழிகள். மையம் விலகிய துளை கொண்ட காஸ்டர் புஷ் வழக்கமாக 2 அல்லது 3 டிகிரி திருத்தும். சிறிய லிஃப்டுக்குப் போதும். இதில் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு புஷ்ஷைத் தலைகீழாக அழுத்துவது. ஆக்சிலுக்கு முன்னால் உள்ள புஷ்ஷில் துளை மையத்துக்கு மேலே வர வேண்டும், பின்னால் உள்ளதில் கீழே வர வேண்டும். மாற்றிப் போட்டால் கிடைக்க வேண்டிய 3 டிகிரி கிடைக்காததோடு, இருந்த காஸ்டரிலும் 3 டிகிரி போய்விடும். அழுத்துவதற்கு முன் ஆர்மில் பெயின்டால் குறியிட்டு, இன்னொரு தடவை பாருங்கள். இரண்டாவது வழி, சாசி முனையைக் கீழே இறக்கும் பிராக்கெட். ஆர்ம் பழைய கோணத்துக்கே திரும்புவதால் வண்டியின் ஓட்டம் இதமாக இருக்கும். ஆனால் பாறையில் முதலில் இடிப்பதும் அந்த பிராக்கெட்தான். மூன்றாவது, கோணம் திருத்தி வார்த்த அல்லது வளைத்த புதிய ஆர்ம். பெரிய லிஃப்ட் என்றால் இதைத்தான் தேர்வு செய்வேன்.

கமான் பட்டை வண்டிக்கு ஆப்பு வடிவத் தகடு. பட்டை ஆக்சிலுக்குக் கீழே இருந்தால் தடித்த பக்கம் முன்னால். பட்டை ஆக்சிலுக்கு மேலே இருந்தால் தடித்த பக்கம் பின்னால். இரண்டிலும் காஸ்டர் கூடும். எஃகுத் தகடு வாங்குங்கள். அலுமினியம் நாளடைவில் நசுங்கிப் பிளக்கும். பட்டையின் நடு போல்ட்டின் தலை ஆக்சில் இருக்கையின் குழியில் முழுசாக இறங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

காஸ்டரும் பினியனும் எந்த வழியிலும் ஒத்துவராத அளவுக்கு உயர்த்தியிருந்தால், மிச்சம் ஒரு வழிதான்: யோக்கின் வெல்டை வெட்டி, யோக்கை மட்டும் குழாயில் சுழற்றி மறுபடி வெல்ட் செய்வது. அப்போதுதான் அந்தக் கூட்டுத்தொகை மாறும். உயிர் தொங்கும் வெல்டிங் இது. தேர்ந்த கை, சரியான ஜிக், முன்சூடு எல்லாம் தேவை. முதல் முறை செய்து பழகும் இடம் இது இல்லை.

வேலையைச் செய்யும்போது

பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சாசியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூட அடியில் போகாதீர்கள். ஆக்சிலின் எடையை இன்னொரு ஜாக்கி லேசாகத் தாங்கட்டும்.

ஆர்ம்களை ஒவ்வொன்றாக மட்டும் கழற்றுங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றினால் ஆக்சில் உருண்டுவிடும், பிறகு துளைகளைச் சேர்ப்பதற்கே அரைநாள் ஆகும். போல்ட் கடைசி 5 மி.மீ. நுழைய மறுக்கும். அப்போது சுத்தியலை எடுக்காதீர்கள். ராட்செட் பட்டையை ஆக்சில் குழாயில் ஒரு முனை, சாசியில் ஒரு முனை கட்டி ஒவ்வொரு பல்லாக இழுங்கள். துளையில் விரல் நுனியை வைத்திருக்க வேண்டாம். ஒரு ஸ்குரூடிரைவரை விட்டுப் பாருங்கள். துளைகள் நேரானதும் போல்ட் கையாலேயே சறுக்கிக்கொண்டு உள்ளே போகும்.

இன்னொன்று. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி தொங்கும்போது முழுசாக முறுக்காதீர்கள். கையால் இறுக்கிவிட்டு, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, அமுக்கி விட்டு, அப்புறம் மேனுவல் சொல்லும் முறுக்கத்தில் டார்க் ரென்ச் கொண்டு இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நிற்கும், சில மாதங்களில் கிழியும். ஆர்மின் லாக் நட்டையும் மறக்காதீர்கள். மறந்தால் மரை தளர்ந்து தேய்ந்துவிடும்.

ஓட்டுவதற்கு முன்பும் பிறகும்

மறுபடி அளங்கள். அப்புறம் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி டயர் எங்கேயாவது உரசுகிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, காயில் ஸ்பிரிங் வளைந்து நிற்கிறதா, ஷாஃப்டின் நழுவும் மூட்டில் இடம் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். ஆக்சில் பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் பேன்ஹார்டு ராடில் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். டோ அளவை (முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவை) சரிபார்த்து, டிராக் லிங்கில் (ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியில்) ஸ்டீயரிங் வீலை நேராக்குங்கள். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் உள்ள வண்டியில் இந்தக் கடைசி வேலை ரொம்ப அவசியம். ஸ்டீயரிங் வீல் கோணலாக இருந்தால், வண்டி சறுக்குகிறது என்று கணினி தவறாக நினைத்து நேர்சாலையிலேயே பிரேக்கைப் பிடிக்கலாம்.

ஓட்டிப் பார்ப்பதை ஒரு காலி மைதானத்தில் தொடங்குங்கள். 25 கி.மீ. வேகத்தில் வளைத்து, ஸ்டீயரிங்கை உள்ளங்கையில் வழுக்கவிடுங்கள். அது தானாக, அவசரமில்லாமல் நடுவுக்கு வர வேண்டும். பாதியில் நின்றால் காஸ்டர் இன்னும் போதவில்லை, அல்லது புதிய பால் ஜாயிண்ட் இறுக்கமாக இருக்கிறது. பிறகு சாலையில் 60, 80. கடைசியாக, பின்னால் யாரும் வராத இடத்தில் அழுத்தமாக ஒரு பிரேக். பிரேக் பிடிக்கும்போது மூக்கு அமுங்கும், ஆக்சிலும் முன்னால் முறுக்கிக்கொள்ளும். காஸ்டர் அந்தக் கணத்தில் குறைகிறது. நேரான ஓட்டத்தில் சரியாக இருந்து பிரேக்கில் மட்டும் அலையும் வண்டிக்கு இன்னும் ஒரு டிகிரி தேவைப்படலாம். கமான் பட்டை வண்டியில் இது ரொம்பத் தெளிவாகத் தெரியும்.

நாலு சக்கர ஓட்டத்தை மண் சாலையில் போட்டும் பாருங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதோ விடும்போதோ வண்டியின் தரையில் ஊமை அதிர்வு வந்தால் பினியன் கோணம் ஒத்துவரவில்லை. அரை டிகிரி திருப்பி, மறுபடி ஓட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான், ஒவ்வொன்றையும் எழுதி வைத்து.

100 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் லாக் நட்டையும் மறுபடி முறுக்கத்துக்குச் சரிபாருங்கள். முதல் கடினமான காட்டுப் பயணம் முடிந்து வந்ததும் இன்னொரு முறை. போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை பெயின்டால் ஒரு கோடு போட்டு வைத்தால், அடுத்த முறை குனிந்து பார்த்ததுமே எது நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.